அடிஷம் பங்களாவுக்கு முன்வாசல் வழியாக

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை தரம் 9 பிள்ளைகளை அப்புத்தளை அடிஷம் பங்களாவுக்குக் கூட்டிப் போகிறோம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

பங்களா என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு தோட்டத்துத் துரை பங்களாவுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோயிருக்கிறேன். குசினிப் படியோடு சரி. சமையற்கார அப்பு வந்து கீரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். சாத்துவதற்குள், மெழுகு பூசித் தேய்த்த சிவப்புத் தரை ஒரு கையகலம் தெரியும். நான் பார்த்த பங்களா அவ்வளவுதான். நம் பிள்ளைகள் முன்வாசலால் போகவேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

அடிஷம், தேயிலைத் தொழிலில் பெரும் புள்ளியாக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய வீடு. பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரன் அவர். இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். கருங்கல் சுவர், புகைபோக்கி, பூந்தோட்டம் எல்லாம் அந்த நாட்டுப் பழைய மாளிகைகளின் சாயல். பக்கத்துக் காட்டுக்குப் பெயர் மட்டும் தமிழில், தங்கமலை. அந்தப் பெயர் யார் வாயில் முதலில் வந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கப் போகிறேன்.

1960களில் வீடு கத்தோலிக்கத் துறவிகளான பெனடிக்ட் சபையாரின் மடமாகிவிட்டது. மடம் என்றதும் சில வீடுகளில் யோசிப்பீர்கள். யாரும் பிள்ளைகளைச் செபம் சொல்லச் சொல்லமாட்டார்கள். புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குகளில் ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: மடத்துக்கு வரும் விருந்தாளி யாராயிருந்தாலும் கிறிஸ்துவே வந்ததுபோல் வரவேற்க வேண்டும். துரைமார் காலத்தில் கட்டிய ஒரு வீட்டில் இன்று அந்த ஒழுங்கு நடக்கிறது. அதைப் புத்தகத்தில் படித்தால் போதாது, வாசற்படியில் காலை வைத்துப் பார்க்கவேண்டும்.

துறவிகள் வசிக்கும் பகுதிக்குள் போக முடியாது. பழைய தளபாடங்களோடு இருக்கும் வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்க்கலாம், தோட்டத்தில் நடக்கலாம். அங்கே சத்தம் போடக்கூடாது. ஆகவே கைத்தொலைபேசி கொடுத்தனுப்ப வேண்டாம்.

துறவிகள் தயாரிக்கும் ஸ்ட்ரோபெரி ஜாமும் காட்டுக்கொய்யா ஜெலியும் அங்கே விற்பனைக்கு இருக்கும். ஒரு பிள்ளை வாங்க, இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. அதனால் காசும் வேண்டாம். பாடசாலையே வாங்கிவந்து திங்கட்கிழமை இடைவேளையில் எல்லோருக்கும் பாணில் தடவிக் கொடுக்கும்.

பண்டாரவளையிலிருந்து காலை ரயிலில் அப்புத்தளை போய், அங்கிருந்து சுமார் 3 கிலோமீற்றர் நடக்கிறோம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வாகனம் ஏற்பாடு செய்யலாம். பயணச் செலவு கஷ்டமென்றால் என்னிடம் நேரே வாருங்கள். காசில்லை என்று ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்.

மதியச் சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல், ஜேர்சி கட்டாயம். அப்புத்தளையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி ஏறிவிடும். அப்புறம், புதுச் சப்பாத்து வேண்டாம், பழகிய சப்பாத்தே போதும். கையெழுத்திட்ட கடிதம் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கைக்கு வரவேண்டும்.

அன்புடன்,
அதிபர்