சாஸ்தா கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை: வரிதாரர்கள் எல்லாருக்கும்

அண்ணாச்சிமார், அக்காமார், மதினிமார், வெளியூர்ல இருக்க நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் திருப்பணி கமிட்டி சார்பா வணக்கம். 2025 ஆவணியில கும்பாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சிட்டு. மடப்பள்ளி கூரை மாத்தியாச்சு, கிணறு தூர் வாரி மோட்டார் வச்சாச்சு, கெழக்கு சுத்துச்சுவரு புதுசு, வயரிங் புதுசு, கழிப்பறை ரெண்டு கட்டியாச்சு. இதுல யாரும் ஒரு கேள்வியும் கேக்கல, அதனால நானும் இத்தோட விட்டுடுதேன்.

கேள்வி எல்லாம் காண்ட்ராக்டர பாதியில ஏன் அனுப்புனீங்க, பங்குனி உத்திரத்துக்கு முடியவேண்டிய வேலை ஆவணி வரைக்கும் ஏன் இழுத்துச்சு, இதுதான். கூடவே வாட்ஸப் குரூப்ல இன்னொரு பேச்சும் ஓடுச்சு, அதுக்கும் வாரேன்.

2023 டிசம்பர் 17, 18ல என்ன நடந்துச்சுன்னு ஊர்ல இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது, தாமிரபரணி கரை தாண்டி வந்துச்சு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலு சனத்தோட அப்படியே நின்னு போச்சு. நம்ம கோயில்ல கருவறை படி முங்கி சாஸ்தா இடுப்பு வரைக்கும் தண்ணி. வடிஞ்ச பொறவு போயி பாத்தா 2013 கும்பாபிஷேகத்துக்கு பூசுன சிமெண்டு மட்டும் பாளம் பாளமா கழண்டு கெடக்கு, அதுக்கு முந்தி நம்ம தாத்தமாரு காலத்துல பூசுன சுண்ணாம்பு ஊறிப்போயும் பிடிச்ச பிடிய விடல. அதைப் பாத்துட்டுதான் இந்த தடவை கருவறை வெளிச்சுவரு, சுடலை மாடன் பீடம், பேச்சியம்மன் பீடம் மூணும் சுண்ணாம்புப் பூச்சுதான்னு பொதுக்கூட்டத்துல பேசி, அக்ரிமெண்ட்லயும் எழுதி கையெழுத்து வாங்குனோம். இப்ப கேள்வி கேக்கவங்க நெறைய பேரு அந்த கூட்டத்துல இருந்து டீ குடிச்சவங்கதான்.

காண்ட்ராக்டரு என்ன செஞ்சாரு, மத்தியானம் யாரும் இல்லாத நேரமா பாத்து பின்சுவர முழுக்க சிமெண்டுல பூசி மேல வெள்ளை சிமெண்ட தடவிட்டாரு. கண்டுபிடிச்சது பொருளாளர் சித்தப்பா. சுண்ணாம்புன்னா மறுநாள் நகத்தால கீறுனா கோடு விழும், இவரு சாவியால கீறியும் விழல. காண்ட்ராக்டரு கிட்ட கேட்டா, பெரியவரே சுண்ணாம்ப புளிக்கப் போட்டு அரைச்சு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணிய ஊத்தி ஒவ்வொரு பூச்சா காயவிட்டா உங்க பேரன் கல்யாணத்துக்குதான் கும்பாபிஷேகம் வைக்கணும்ங்கார். சித்தப்பா விடுவாரா, ஆத்துக்குள்ள நிக்க குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளம் வரும்போதெல்லாம் முங்கி எந்திரிக்கே, அது என்ன சிமெண்ட்லயாவே நிக்குன்னார். அது கல்லு, இது செங்கல்னு அவரு. அதைத்தாம்வே நானும் சொல்லுதேன், செங்கலுக்குன்னு சுண்ணாம்ப வச்சவன் ஒண்ணும் முட்டாப்பய இல்லன்னு இவரு.

விஷயம் இதுதான். ஆத்தங்கரை மண்ணு, செவரு கீழ இருந்து ஈரத்த உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். சுண்ணாம்புன்னா அந்த ஈரம் பைய வெளியேறிரும். சிமெண்டு அதை அடைச்சு வச்சிரும், பொறவு உப்பு பூக்கும், செங்கல் பொடியும், பூச்சு செங்கலையும் பேத்துக்கிட்டு விழும். கொத்தனாரு கையாலயே சிமெண்ட கொத்தி எடுக்கச் சொன்னோம், காண்ட்ராக்டரு மாட்டேன்னுட்டார். பேச்சு ஒரு மாசம் ஓடுச்சு, போலீஸுக்கு போவேன்னார், போங்கன்னோம், கடைசில 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு கணக்க முடிச்சு எழுதி வாங்கியாச்சு. அந்த துட்ட குடுத்திருக்கவே கூடாதுங்கவங்க, கேஸ் போட்டு கோர்ட்டுக்கு யாரு நடக்கதுன்னும் சேத்து சொல்லுங்க. செட்டிநாட்டுப் பக்கம் விசாரிச்சு சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார கூட்டிட்டு வந்தோம், அவருக்கு அவசரம்னா என்னன்னே தெரியாது, வேலை அவ்வளவு சுத்தம். எஸ்டிமேட் 9 லட்சம், முடிஞ்சது 13 லட்சத்து 40 ஆயிரம். கூடுனது எல்லாம் இந்த ஒரு வேலையிலதான்.

சென்னையில இருக்க தம்பிமாரு சுடலை பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டிருவோம், துட்டு நாங்க தாரோம்னாங்க, நல்ல மனசோட சொன்னதுதான், தப்பில்ல. சித்தப்பாதான் வேண்டாம்னார். ஒவ்வொரு கொடைத் திருவிழாவுக்கும் சுண்ணாம்பு அடிக்கணும்னுதான் பத்து எளவட்டம் ரெண்டு நாள் முந்தி கோயிலுக்கு வாரான், காவி போடுதான், சண்டை போடுதான், சோறு பொங்கி திங்கான், டைல்ஸ் ஒட்டிட்டா அவன் எதுக்கு வரணும், அன்னைக்கு காலையில கார்ல வந்து எறங்குவான்னார். எனக்கு அப்போ அது பிடிவாதமா தெரிஞ்சுது. இப்ப இல்ல.

நன்கொடை விவரம். 2013ல வச்ச பளிங்குக் கல்லுல பேரு வரிசை மாறிப்போச்சுன்னு ரெண்டு வீட்டுக்காரங்க இன்னைக்கும் பேசிக்கிட மாட்டாங்க, அதனால இந்த தடவை பேரு கிடையாதுன்னு தீர்மானம் போட்டது உங்களுக்கு தெரியும். தலைக்கட்டு வரி குடும்பத்துக்கு 3,000. அது போக தாராவி சொந்தங்க 1 லட்சம், துபாய், சவுதி பயலுவ 1 லட்சத்து 60 ஆயிரம், மேலத்தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி அன்னதானத்துக்கு அரிசி முழுக்க, லாரி வச்சிருக்க மச்சான் மணலும் செங்கலும் வாடகை இல்லாம, கீழத்தெரு பெரியம்மா குத்துவிளக்கு ஜோடி, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன மாமா மோட்டார், பந்தல்காரரு பாதி கூலி. பீடி சுத்துற அக்காமாரு வாராவாரம் கூலியில பிடிச்சு பிடிச்சு 42,000 கொண்டுவந்து குடுத்தாங்க, எல்லாம் பத்தும் இருவதுமா, எண்ணவே ராத்திரி ஆயிட்டு.

இப்ப அந்தப் பேச்சுக்கு வாரேன். சித்தப்பா வைகாசியில தவறிட்டாரு. பங்காளிங்க எல்லாருக்கும் தீட்டு, பதினாறு கழிச்சுதான் வேலையத் திரும்ப தொட்டோம், தாமதத்துல அதுவும் உண்டு. கமிட்டி இழுத்தடிச்சதாலதான் பெரியவரு கும்பாபிஷேகம் பாக்காமப் போயிட்டாருன்னு குரூப்ல எழுதுனீங்க. இழுத்தது அவருதாம்யா. பங்குனியில முடிச்சிருந்தா கூட்டத்தோட நின்னு பாத்திருப்பாரு, அந்த சிமெண்ட் செவத்த. ரெண்டாவது மழைக்கு எப்ப விழும்னு எண்ணிக்கிட்டே நின்னிருப்பாரு, சாமி கும்பிட்டிருக்க மாட்டாரு. அவரு லேசான மனுசன் இல்ல. வரி பாக்கிய கல்யாண வீட்டுல வச்சு கேப்பாரு, அஞ்சு ரூவா சில்லறைக்கு என்னைய ரெண்டு தடவை கடைக்கு திருப்பி அனுப்பிருக்காரு, அவரு கிட்ட ஏச்சு வாங்காத ஆளு கமிட்டில கிடையாது. கலசத்துல தண்ணி ஊத்தும்போது சுத்தி நின்னவங்க எல்லாரும் கணக்கு நோட்ட எங்கன்னு என்னையத்தான் பாத்தாங்க.

அந்த நோட்டுலயும் ஒரு வில்லங்கம். ஆடிட் பாத்த மாப்பிள்ளை, வரவுல கையிருப்ப கழிச்சா வாரத விட செலவு வவுச்சரு 11,400 கூட இருக்கு, துட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டான். உடனே குரூப்ல கள்ளக்கணக்குன்னு போட்டாச்சு. துட்டு கொறைஞ்சாதானய்யா கள்ளக்கணக்கு? எல்லாம் கடுக்காய், கருப்பட்டி பில்லு. சித்தப்பா கைத்துட்டு போட்டு வாங்கிட்டு வரவுல எழுதல. சித்திகிட்ட திருப்பிக் குடுக்கப் போனோம், வாங்கல. இதை எந்தக் கணக்குல எழுதணும்னு ஐப்பசி கூட்டத்துல நீங்களே சொல்லுங்க.

மீதி கையிருப்பு 8,250. வரி பாக்கி 14 தலைக்கட்டு, குரூப்ல அதிகமா கேள்வி கேட்டவங்கள்ல மூணு பேரு அந்த லிஸ்ட்ல இருக்காங்க. நோட்டும் வவுச்சரும் மடப்பள்ளி அலமாரியில இருக்கு, சாவி பூசாரிகிட்ட. பாக்கணும்னா சாயங்காலம் நேர்ல வாங்க, போன்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீங்க. பொருளாளர் பொறுப்புக்கு இன்னும் யாரும் முன்வரல.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணி கமிட்டி