லேபிளில் யார் பெயர்?

தண்டையார்பேட்டை

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. நான் பதில் போடாததற்கு உமரிச் செடிதான் காரணம், சிரிக்காதே. எண்ணூர்க் கழிமுகத்தில் பறித்து வந்தது காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மற்ற செடியென்றால் பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்தி, தினம் பேப்பரை மாற்றினால் போதும். உமரிக்கும் வங்காரவள்ளைக்கும் இலையெல்லாம் நீர். கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்த பிறகுதான் வழிக்கு வருகின்றன. காய்ந்த பின்னும் விடுவதில்லை. உள்ளே இருக்கும் உப்பு, மழை பிடித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கல்லூரியில் நமக்குக் கொடுத்தது செம்பருத்தியும் ஊமத்தையும். இந்தத் தொல்லையெல்லாம் அப்போது தெரியாமல் போயிற்று.

வட சென்னையின் செடிகளைப் பதிவு செய்ய நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம் என்று போனில் சொன்னேனே, அது சூடுபிடித்துவிட்டது. கல்லூரி ஆசிரியர்கள், அவர்களுடைய மாணவர்கள், வங்கியில் ஓய்வுபெற்ற ஒரு சார் (அவர் கேமராதான் எங்கள் சொத்து), அப்புறம் முட்டிவலியோடு நான். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி எண்ணூரிலோ அத்திப்பட்டு புதுநகரிலோ இறங்கி, வெயில் ஏறும்வரை நடப்போம்.

கையில் இருக்கும் அடிப்படை, மயூரநாதன் 1929இல் சென்னை அருங்காட்சியகத்துக்காகத் தொகுத்த நகரத் தாவர நூலின் ஜெராக்ஸ். கேம்பிள் 1915இல் தொடங்கி, அவர் இறந்த பிறகு ஃபிஷர் 1936இல் முடித்துக் கொடுத்த சென்னை மாகாணத் தாவர நூலும் இருக்கிறது. ஆனால் அது மாகாணம் முழுமைக்கும் ஆனது. நம் தெருவுக்குப் பக்கத்தில் என்ன முளைத்தது என்று தெரிய மயூரநாதனிடம்தான் போக வேண்டும். அவர் எழுதியபோது இங்கே அனல்மின் நிலையம் இல்லை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இல்லை, காமராஜர் துறைமுகம் இல்லை. இன்று சாம்பல் படிந்து மேடாகிப்போன சேற்றில் நின்றுகொண்டு அந்தப் பக்கங்களைப் புரட்டினால் கொஞ்சம் தலை சுற்றும். இருந்தாலும் எல்லாமே போய்விட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. மணலில் அடம்பு படர்ந்துதான் இருக்கிறது, இராவணன் மீசை காற்றில் உருண்டுதான் போகிறது. எது போயிற்று, எது இருக்கிறது என்று செடியைக் காயவைத்துத் தாளில் ஒட்டி, லேபிள் எழுதி வைத்தால்தான் நாளைக்கு யாரோடும் வழக்காட முடியும்.

வேலிக்காத்தான் மட்டும் எங்கே பார்த்தாலும். அதைப் புரோசோப்பிஸ் பேரினத்திலிருந்து எடுத்து 2022இல் நெல்டுமா என்று மாற்றிவிட்டார்கள், பார்த்தாயா? லேபிள் எழுதும் பையன் இன்னும் பழைய பெயரையே எழுதிவிட்டு அடிக்கிறான்.

சரி, உன்னிடம் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். காட்டுக்குப்பம் பக்கம் அலையாத்தி மரங்களைப் பார்க்கப் போயிருந்தோம். எல்லாம் வெண்கண்டல்தான், அடையாளம் காண்பதில் சிரமமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எந்த உயரம் வரை ஏறியது என்பதை அப்போது தண்டிலேயே பார்க்க முடிந்தது, நீயும் படம் பார்த்திருப்பாய். எங்களுக்குச் சிக்கல் வேறு. இவற்றில் தானாக வந்தது எது, நட்டு வளர்த்தது எது? லேபிளில் அதைக் குறிக்காவிட்டால் பின்னால் படிப்பவன் எல்லாவற்றையும் இயற்கையான காடு என்று எடுத்துக்கொள்வான். இலையைத் திருப்பிப் பார்த்தோ பூவைக் கிள்ளிப் பார்த்தோ இதைச் சொல்ல முடியாது.

இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்களை வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தார். இந்த வரிசை நட்டது, வரிசையாக இருப்பதைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார். அந்த மூலையில் இருக்கும் கும்பல் அவர் அம்மா காலத்திலிருந்து இருக்கிறதாம். நடுவில் ஒரு தோப்பு பட்டுப்போய், அடியில் விழுந்த விதையிலிருந்து மறுபடி எழுந்ததாம். எந்த இடத்தில் மூச்சுவேர் காலைக் குத்தும், எந்த இடத்தில் சாம்பல் இறுகி வேரே வெளியே தெரியாது என்பதெல்லாம் அவர் காலுக்கே தெரியும். எங்கள் நோட்டில் அன்றைக்கு உருப்படியாக ஏறியது அவர் சொன்னதுதான்.

லேபிளில் அவர் பெயரைப் போட வேண்டும் என்றேன். குழுவில் ஒரு பேராசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. சேகரித்தவர் பெயர், எண், தேதி, இடம், பூவின் நிறம், இவை போதும், மற்றதெல்லாம் கள நோட்டில் இருக்கட்டும் என்கிறார். கள நோட்டு யார் வீட்டுப் பரணில் கிடக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? தாள்தான் நிற்கும்.

அவரிடம் நான் வான் ரீடை இழுத்தேன். மலபார்த் தாவரங்களைப் பற்றிய அவருடைய பன்னிரண்டு தொகுதிகளில் முதலாவது 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தபோதே, இட்டி அச்சுதன் வைத்தியரும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் கொடுத்த சான்றுகளை அவரவர் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறார். டச்சுக் கம்பெனியின் தளபதிக்கு அந்த மனம் இருந்தது. நம்ம ஊர்ப் பக்கம் பார். லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த பின், அங்கே ‘ஐக்கிய சகோதரர்கள்’ என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. செடிகளைத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டு, கலந்துபேசிப் பெயரிட்டு, தனி ஆள் பெயர் போடாமல் ‘நோபிஸ்’, அதாவது நாங்கள் என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ராட்லர் பாதிரியார் பிறகு நம் வேப்பேரியில் இருந்து 1836இல் காலமானார். அவர் சேகரித்த தாள்கள் இன்று லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில். அந்த ‘நாங்கள்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதற்குள் இருந்தவர்கள் பாதிரிகளும் டாக்டர்களும்தான். செடியைக் காட்டிக் கொடுத்த ஊர்க்காரன் அதில் சேர்த்தியில்லை.

வாதத்தில் நான் ஜெயித்த மாதிரி இருந்தபோது அந்த அக்காவே கேட்டார்: “இன்னாத்துக்குமா என் பேரு? நாளைக்கு எதுனா கேஸ் கீஸுன்னு வந்தா நானா போயி நிப்பேன்?” எங்களில் யாருக்கும் வாய் திறக்கவில்லை. கழிமுகம் நீதிமன்றம் வரை போன இடம், அவர் பயம் நியாயம். நானோ அவரிடம் கேட்காமலே அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு ‘தகவல்: காட்டுக்குப்பத்து இறால் பிடிக்கும் பெண்’ என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அவர் வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ ஒன்று செய். கோவையில் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்துக்கு, அந்தக் காய்ந்த செடித் தாள்களின் காப்பகத்துக்கு, அடிக்கடி போகிறாயே, எண்ணூர், பழவேற்காட்டுப் பழைய தாள்களில் தகவல் சொன்னவர் பெயரோ தொழிலோ எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார். இருந்தால் எந்த வடிவில் எழுதினார்கள் என்று குறித்து அனுப்பு, பேராசிரியரிடம் காட்ட வேண்டும். உமரியில் இரண்டு படிகளை உனக்குப் பார்சலில் போடுகிறேன். விதை இருக்கிறது, எந்த இனம் என்று நீயே லென்ஸ் வைத்துச் சொல். எனக்குக் கண் முன்போல இல்லை.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், படிந்தால் முதல் பத்திரிகை உனக்குத்தான். ஜனவரியில் நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. பழைய செருப்பாக எடுத்து வா, சேற்றில் போனால் திரும்பி வராது.

அன்புடன்,
வசந்தா