படுதா கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்று ராத்திரி பெய்த மழையில் படிப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்தது ஊருக்கே தெரியும், மறுபடி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. பட்டியல் சாதி மக்களின் தலைவர் என். சிவராஜைப் பற்றிய கண்காட்சிக்காகச் சேர்த்து வைத்த புத்தக, படக் கட்டுகளில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று கட்டுகளைக் கைமாற்றிய பையன்கள், பெரிய மின்விசிறிகளைக் கொண்டுவந்து போட்ட பந்தல்காரர், விடிய விடிய டீ கொடுத்த அண்ணன், திருவாரூரிலிருந்து ஓடிவந்த ஆசிரியர்கள், உங்கள் எல்லாருக்கும் மனசார நன்றி.

ஆனால் அந்த அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் அவருடைய குறுவை நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட மழையில், நெல்மேல் போர்த்தியிருந்த இரண்டு படுதாக்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து, "இந்தாங்க தம்பி, புஸ்தகத்த மூடுங்க, நெல்லுக்கு இன்னொண்ணு கிடக்கு" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் கேட்கவில்லை. அவர் அதற்கு முன்னால் படிப்பகத்துக்கு வந்ததும் இல்லை.

அப்புறம் படங்களைக் காயவைத்தபோது வந்து, "இவரு யாரு?" என்றார். என். சிவராஜ், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய வக்கீல், 1942இல் அம்பேத்கரும் கலந்துகொண்ட நாக்பூர் மாநாட்டில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குத் தலைவரானவர், 1945இல் சென்னை மேயர், 1957இல் செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போனவர், அதே வருடம் தொடங்கிய இந்தியக் குடியரசுக் கட்சிக்கு முதல் தலைவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, டெல்லிக்குப் போயி என்ன பேசுனாரு?" என்றார்.

மேயர், எம்.பி., தலைவர் என்று பதவிகளை வரிசையாகச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். சபையில் எழுந்து நின்று யாருக்காக என்ன கேட்டார் என்பதுதானே வயலில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டும்?

அந்தக் காலத்து மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் இருக்கின்றன. சிவராஜ் பேசியதைத் தேடி எடுத்துத் தமிழாக்கி, அக்கா வீட்டுத் தெருவிலேயே வாசிக்கப் போகிறோம். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் கூட வாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. படுதாவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஆனால் அவர் நெல்லின் ஒரு ஓரம் நனைந்திருக்கிறது. நாளைக் காலை வெயில் வந்ததும் களத்தில் பரப்பிக் கிளறிவிட ஆள் வேண்டும், பையன்கள் எல்லாரும் வந்துவிடுங்கள்.