கணக்குப் போட்டவருக்கும் மாலை

ஆசிரியருக்கு,

அறக்கொடை ஆண்டுத்தொகை (charitable gift annuity) துறையின் வல்லுநர்களைக் கௌரவிப்பது பற்றியது இந்தக் கடிதம். அமெரிக்காவில் அறநிறுவனத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்தால், கொடுத்தவருக்கு ஆயுள் முழுக்க மாறாத தவணைப் பணம் வரும், மிச்சம் தர்மத்துக்கு. 1843-இலேயே அமெரிக்க பைபிள் சங்கம் தொடங்கிய ஏற்பாடு இது.

கொடையாளிக்கு மாலை விழுவது சரி. அப்புறம், கணக்குப் போட்டவருக்கு? 1927-இல் பிறந்த ஒரு தேசிய அமைப்பு, கொடையாளிக்குத் தரும் தவணைப் பணத்துக்கு வயதுவாரியாக உச்ச விகிதங்களைப் பரிந்துரைக்கிறது. கொடுத்ததில் பாதியாவது கடைசியில் அறப்பணிக்கு மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. அறநிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு விகிதத்தை ஏற்றிவிட்டுப் பிறகு கையைப் பிசையாமல் இருக்க இதுவே வேலி.

இந்தத் துறை வல்லுநர்களைக் கௌரவிப்பதை வரவேற்கிறேன். ஒரு வேண்டுகோள்: அதிக நிதி திரட்டியவரை மட்டும் பார்க்காதீர்கள். கொடுத்த பணம் திரும்பாது என்பதால், "இது உங்களுக்குச் சரிப்படாதும்மா" என்று முதியவரிடம் நேர்மையாகச் சொன்னவரையும் மேடையேற்றுங்கள்.

— வாசகர், நியூ ஜெர்சி