ஃபிரிட்ஜ் சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது? தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் ஃபிரிட்ஜ் விற்கும் நிறுவனங்களின் பொறியியல் பிரிவினருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நாங்கள் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள்; அதை நொதிக்கவைக்கவும் பரிமாறவும் பழைய ஃபிரிட்ஜுகளைத் துளையிட்டு மாற்றிக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது ஒரு தாள். ஒவ்வொரு மாடலின் சுவர்களுக்குள்ளும் குளிர்வாயுக் குழாயும் மின்கம்பிகளும் எந்த வழியாக ஓடுகின்றன என்று அளவுகளோடு காட்டும் படம். எத்தனை முறை எழுதிக் கேட்டாலும் “நிறுவனத்தின் உள் ஆவணம், வெளியிட இயலாது” என்ற பதில்தான் வருகிறது. சென்ற மாதம் எங்கள் குழுவில் ஒருவர், அந்தப் பதில் வந்த பிறகு, ஊகித்துப் பக்கச் சுவரில் துளையிட்டார். குழாய் அறுந்தது. வாயு முழுவதும் வெளியேறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி குப்பைக்குப் போனது.

வீட்டில் பீர் தயாரிக்க 2004 முதல் இங்கே அனுமதி உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், விற்கக் கூடாது, வடித்தெடுக்கக் கூடாது. சட்டம் இடம் கொடுத்தாலும் இந்த ஊர் வெப்பம் இடம் கொடுப்பதில்லை. ஏல் வகை பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். வீட்டுக்குள்ளோ 29, 30 டிகிரி. நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியிடும் வெப்பம் அதற்கு மேலும் சில டிகிரி ஏற்றிவிடும். அந்தச் சூட்டில் ஃபியூசல் ஆல்கஹால் எனும் காரமான ஆல்கஹால் வகைகள் கூடி, பீர் தொண்டையை எரிக்கும். அதனால்தான் பழைய ஃபிரிட்ஜைத் தேடுகிறோம்.

நொதிக்கவைக்கும் பாதி வேலைக்கு உங்கள் தயவு தேவைப்படவில்லை. ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் 18 டிகிரி வரை மேலே வராது என்பதால், அதைக் கடைசிக் குளிருக்குத் திருப்பிவிட்டு, மின்சாரத்தை வெளியில் ஒரு கன்ட்ரோலர் வழியாக, அதாவது வெப்பத்தைப் பார்த்து மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் கருவி வழியாகக் கொடுக்கிறோம். அதன் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல், பீர் நொதிக்கும் கலத்தின் பக்கத்தில் ஒட்டி மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்தால் பீரின் வெப்பம் தெரியும். குளிர்விப்பது நிற்பதற்கும் மறுபடி தொடங்குவதற்கும் இடையே வித்தியாசம் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி. நின்ற கம்ப்ரஸர் மறுபடி கிளம்பத் தாமதம் குறைந்தது மூன்று நிமிடம், ஐந்து என்றால் நல்லது. குழாயில் அழுத்தம் சமமாகும் முன் மறுபடி கிளம்பினால் மோட்டார் திணறி, நாளடைவில் சுருள் எரியும். குமிழ் வைத்த பழைய மாடல்களே இதற்கு ஏற்றவை. மின்னணுப் பலகை உள்ளவற்றில் சில, மின்சாரம் நின்று வந்தால் தாமாக ஓடத் தொடங்குவதில்லை.

சிக்கல், தயாரான பீரைக் குளிர்வித்துப் பரிமாறும் மறுபாதிக்கு வேண்டிய துளையில்தான். பீர் அடைத்த 19 லிட்டர் உலோகக் கலனை (கெக்) 4 டிகிரியில் வைத்து, 12 பிஎஸ்ஐ வாயு அழுத்தத்தில், 5 மில்லிமீட்டர் குழாய் மூன்று மீட்டர் விட்டுப் பரிமாற வேண்டும். குழாயைச் சுருக்கினால் கிளாஸ் முழுக்க நுரை. பீர் டேப்பைச் சுவரோடு பொருத்தும் குழல் (ஷாங்க்) நுழைய 22 முதல் 25 மில்லிமீட்டர் துளை வேண்டும். கதவில் துளையிடலாமே என்பீர்கள். கதவில் பெரும்பாலும் குளிர்வாயுக் குழாய் இருப்பதில்லை, உண்மை. ஆனால் திரை வைத்த கதவுகளில் மின்கம்பி ஓடுகிறது. டேப் கதவில் இருந்தாலும், பீரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை வெளியே வைத்தால் வாயுக்குழாய்க்கு ஒரு துளை சுவரில் போட்டாக வேண்டும். அந்தச் சுவரில்தான் வெப்பத்தை வெளிவிடும் சூடான கண்டென்சர் குழாயை நீங்கள் வளைத்து வளைத்துப் பதித்திருக்கிறீர்கள்.

எங்களிடம் இருக்கும் வழி ஒன்றுதான். சோளமாவை ஆல்கஹாலில் கலக்கிச் சுவரின் வெளிப்புறம் பூசி, ஜன்னலைத் திறந்துவைத்துக் கம்ப்ரஸரை ஓடவிட்டால், சூடான குழாய் ஓடும் தடம் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். பிறகு மின்சாரத்தை எடுத்துவிட்டு, வெளித் தகட்டை மட்டும் மேலோட்டமாக வெட்டி, ஃபோமை மரக்குச்சியால் சுரண்டிப் பார்த்து, உள் பிளாஸ்டிக்கைக் கடைசியாகத் திறக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் உறுதி கிடையாது. உள் சுவரை ஒட்டி ஓடும், குளிரூட்டும் எவாப்பரேட்டர் குழாயும் மின்கம்பியும் அந்த மாவில் தெரியாது. வெப்பக் கேமராவும் இந்த இரண்டையும் உறுதியாகக் காட்டாது.

பெட்டி பாழாவது மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். 2022 அக்டோபர் முதல் இங்கே விற்கும் வீட்டு ஃபிரிட்ஜுகளில் புவி வெப்பமாக்கும் திறன் (கார்பன் டை ஆக்சைடுக்கு 1 என்ற அளவில்) 15-க்கு மேற்பட்ட குளிர்வாயு கூடாது. சுற்றுச்சூழலுக்கு நல்ல முடிவு. அந்த இடத்துக்கு வந்திருப்பது ஐசோபியூட்டேன். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் வாயு அது. அதைச் சுவருக்குள் அடைத்துவைத்து, அது ஓடும் இடத்தைச் சொல்ல மறுப்பதை எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்கிறீர்கள்? படத்தைக் கொடுத்தால் ஆட்கள் துளையிடுவார்கள் என்று அஞ்சுகிறீர்கள் போலும். படம் இல்லாமலே துளையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. இந்த ஈரப்பதத்தில் கதவு ரப்பர் இறுகிப்போகிறது, பூஞ்சை பிடிக்கிறது, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது. மாற்று ரப்பர் கேட்டால் “மாடல் நிறுத்தப்பட்டது, புதியது வாங்குங்கள்” என்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2019 விதி 2021 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் கதவு ரப்பர் 10 ஆண்டுகளும், தெர்மோஸ்டாட்டும் மின்னணுப் பலகையும் 7 ஆண்டுகளும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. அங்கே விற்கும் நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் விற்கின்றன. அதே பெயர்ப்பலகையோடு இங்கே விற்கும்போது மட்டும் ஏன் முடியவில்லை?

ரப்பர் விஷயத்தை இன்னொரு மடலுக்கு விடுகிறோம். இப்போது கேட்பது அந்தப் படம் மட்டும். பல மாடல்களின் பின்புறத்தில் மின்சுற்றுப் படம் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது; அதன் பக்கத்தில் இதற்கும் இடம் இருக்கும். முழுப் படத்தைத் தரத் தயக்கம் என்றால், பக்கச் சுவரில் குழாயோ கம்பியோ இல்லாத 10-க்கு 10 சென்டிமீட்டர் இடம் ஒன்றையாவது குறித்துக் கொடுங்கள். பழைய பெட்டிகளுக்கு, மாடல் எண்ணோடு எழுதிக் கேட்பவருக்கு அந்தப் படத்தை அனுப்புமாறு சேவைப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டில் பீர் தயாரிப்போர் சிலர், சிங்கப்பூர்