டான்யூப் நதியை வாசித்த பையன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலிக்காக இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதுதான் சிரமம். சரி, என் கதையை விடு. உன் பேத்தி பியானோவில் தானாகவே ஏதோ மெட்டுப் போட்டு "இது மழை, இது மழை விட்ட பிறகு" என்று சொல்கிறாள் என எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் சின்னப் பையனாக இருந்தபோது செய்த கச்சேரிதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1892 மே 1. அவனுக்கு வயது 11. ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் நாட்சோலோஷ் என்று ஒரு சின்ன ஊர், திராட்சைத் தோட்டங்களால் வந்த பெயர். ஊரார் முன்னால் அவன் முதல்முறையாக உட்கார்ந்து வாசித்தது பேத்தோவனின் 'வால்ட்ஸ்டைன்' சொனாட்டா என்ற பியானோ படைப்பின் முதல் பகுதி. கேட்டிருக்கிறாயா? ஆரம்பத்திலேயே இரண்டு கையும் ஒரே வேகத்தில் தடதடவென்று ஓட வேண்டும், பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். அதோடு அவனே அமைத்த 'டான்யூப்பின் ஓட்டம்' என்ற இசையையும் வாசித்தான்.

எனக்கு இதில்தான் ஆசை. நதி பிறக்கிறது, ஓடுகிறது, ஹங்கேரிக்குள் நுழையும்போது அதற்கு ஒரே சந்தோஷம், இசை நடனமாக மாறிவிடுகிறது. அப்புறம் தெற்கே இரும்பு வாயில் என்ற மலையிடுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் ஹங்கேரி அங்கேதான் முடிந்தது, அதனால் நாட்டைவிட்டுப் போகும் நதிக்கு அழுகை வருகிறது, கடைசியில் கருங்கடல். குழந்தைத்தனமான இசைதான், பின்னாளில் அவர் எழுதியவற்றோடு ஒப்பிடவே முடியாது, ஆனால் ஒரு நதிக்குச் சொந்த ஊர் உண்டு, பிரிவு உண்டு என்று அந்த வயதில் தோன்றியிருக்கிறதே!

அந்த இசை இன்று நம் கைக்குக் கிடைப்பதற்குக் காரணம் அவன் அம்மா பாவுலா. கணவர் 1888இல் இறந்துபோக, பள்ளிக்கூட வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். தடுப்பூசிக்குப் பிறகு உடம்பெல்லாம் தடிப்பு வந்து ஐந்து வயதுவரை மற்ற பிள்ளைகளோடு சேராமல் இருந்த பையனுக்கு அம்மாவின் பியானோதான் துணை. நான்கு வயதில் ஒற்றை விரலால் நாற்பது பாட்டு வாசிப்பானாம். ஒன்பது வயதில் அவன் இசையமைக்கத் தொடங்கியபோது அம்மாதான் உட்கார்ந்து ஸ்வரங்களை எழுதி வைத்தார். கச்சேரி நன்றாக அமைந்ததால் அவருக்கு ஒரு வருடம் விடுப்பும் கிடைத்தது. பையனை அழைத்துக்கொண்டு நல்ல ஆசிரியர் தேடி போஜோனி நகரத்துக்குப் போனார்.

அந்த ஊர்களின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு 1920 ஒப்பந்தத்தில் ஹங்கேரி சுருங்கியது. பார்டோக் பிறந்த ஊர் இன்று ருமேனியாவில், முதல் கச்சேரி நடந்த ஊர் உக்ரைனில், படித்த போஜோனி பிராட்டிஸ்லாவா என்ற பெயரில் ஸ்லோவாக்கியாவுக்கே தலைநகரம். அவன் நதியைச் சிரிக்கவும் அழவும் வைத்த எல்லைகள் இடம் மாறிவிட்டன. பார்டோக்கும் 1940இல் அமெரிக்கா போனவர் திரும்பவே இல்லை, 1945இல் நியூயார்க்கில் இறந்தார். 1988இல்தான் உடலைப் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பிரிவுப் பகுதியை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். பேத்தி வாசிக்கும்போது போனை எடுத்துப் பதிவு செய்து வை, எந்த இடத்தில் மழை விடுகிறது என்று அவள் சொல்வதையும் சேர்த்து. தப்பாக வாசித்தாலும் அழிக்காதே. எனக்கும் ஒன்று அனுப்பு.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்