கொழும்பு நேரமும் தூத்துக்குடி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனி நேரம் கேட்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோடையில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் 'தோட்ட நேரம்' இன்றும் உண்டு. அவர்கள் சிரமம் நியாயமானது. ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் வெவ்வேறு கடிகாரம் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது என்ன பாடு என்று பத்து வருடம் பட்டவன் நான்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் கொழும்புக்கு வெங்காயம் அனுப்பும் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சூரியக் கணக்கில் இரண்டு ஊருக்கும் ஏழு நிமிடம்தான் வித்தியாசம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அதுவரை கடிகாரத்தைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. 1996-இல் அங்கே மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்தது. மாலையில் விளக்குப் போடுவதைத் தள்ளிப்போட மே கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதை அரை மணியாகக் குறைத்தார்கள். அந்த அரை மணி 2006 சித்திரைப் புத்தாண்டு வரை நீடித்தது.

முதல் வாரத்திலேயே அடி விழுந்தது. சரக்குப் பத்திரம் சம்பந்தமாக மதியம் இரண்டேகால் மணிக்குக் கொழும்புக்குப் போன் போட்டேன். அங்கே மூன்றேகால்; வங்கி மூடியாகிவிட்டது. ஒரு நாள் தாமதம். துறைமுகத்துப் புழுக்கத்தில் கிடந்த வெங்காய மூட்டைகளில் அடிவரிசை நசநசத்துப் போனது. நஷ்டத்தை முதலாளி தாங்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் ஊர் அண்ணாச்சிமார் கடையை அடைத்து, கணக்கு முடித்து, நிதானமாக விலை பேச உட்காருவது இரவு எட்டு மணிக்கு மேல்தான். புரோட்டாக் கடைகள் களைகட்டும் நேரம் அது. கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டை அப்படியில்லை. பொழுது சாயும்போதே இரும்புக் கதவுகளை இழுத்துவிடுவார்கள். போர்க்காலத்தில் இன்னும் சீக்கிரம். அங்கே முதலாளிமார் காலையில், பிளேன்டீ குடித்த கையோடு, நாலே வார்த்தையில் விலை முடிப்பவர்கள். இரண்டு ஊரும் பேசிக்கொள்ளக் கிடைத்ததே கொஞ்ச நேரம், அதிலும் அரை மணி போனது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே போயா விடுமுறை. இங்கே பனிமய மாதா திருவிழா என்றால் தோணி ஓட்டும் தண்டலையும் ஆட்களையும் பிடிக்க முடியாது. அதெல்லாம் நாட்காட்டி பார்த்துப் பழகிவிட்டது. அரை மணி மட்டும் கடைசிவரை பழகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தால் இரண்டு ஊரும் ஒன்றாகத்தானே இருக்கிறது!

இலங்கைக்குள்ளேயே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தை விடவில்லை. 'பழைய நேரமா, புது நேரமா' என்று கேட்காமல் எதையும் குறித்துக்கொள்ள முடியாத காலம் அது.

2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்வைத்த யோசனைப்படி, வங்கமும் அசாமும் சந்திக்கும் இடத்தில் கோடு விழும்; இந்தப் பக்கம் ஐந்து மணி என்றால் அந்தப் பக்கம் ஆறு. நடுவில் கடல்கூடக் கிடையாது. அசாமில் பள்ளியையும் அலுவலகத்தையும் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்கட்டும், தோட்டக்காரர்கள் செய்வது அதைத்தான். கடிகாரத்தில் கை வைப்பதானால், அதற்கு முன் வங்கப் பக்கம் கூச் பெஹாரிலும் அசாம் பக்கம் துப்ரியிலும் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களை, முக்கியமாக வங்கிக்கு ஓடும் எழுத்தர்களை, அழைத்துக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஏஜென்சி எழுத்தர்,
தூத்துக்குடி.